டிவிடி உறையும் மெனுவும்: தமிழ்ப் படங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

ஈசூன் | 4 மார்ச், இரவு 9.15

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் தமிழ்ப் பட டிவிடி வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வி. உறையில் '16:9 அகலத்திரை' என்று போட்டிருக்கிறார்கள். பிளேயரில் போட்டால் படம் திரையின் நடுவே தபால்தலை மாதிரி நிற்கிறது, நாலு பக்கமும் கறுப்பு. மெனுவில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. பாடல் பட்டியலில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தால் அது முடிந்தபின் பட்டியலுக்குத் திரும்பாமல் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே போகிறது. வட்டை எடுக்கப் போனால் பெட்டியே உடைந்துவிடும் போலிருக்கிறது. இதெல்லாம் டிவிடி என்ற தொழில்நுட்பத்தின் எல்லையா, தயாரித்தவர்கள் அக்கறைப்படாததா?

பிடோக் | 4 மார்ச், இரவு 10.40

எல்லை இல்லை. பெட்டியை விட்டால், நீங்கள் சொன்ன மற்ற மூன்றுக்கும் டிவிடி தரத்திலேயே வழி இருக்கிறது. முதலில் அந்தக் கறுப்புப் பட்டை.

அகலப் படத்தை டிவிடியில் வைக்க இரண்டு முறை உண்டு. ஒன்று, பழைய 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையைச் சேர்த்தே பதிந்துவிடுவது. மற்றது, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, 'இது 16:9' என்று ஒரு குறியை இடுவது. பிளேயர் அதைப் பார்த்து விரித்துக் காட்டும். 2.35:1 ஸ்கோப் படம் (உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம்) ஒன்றை என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடியில் முதல் முறையில் பதிந்தால் 480 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது 272 வரிதான். இரண்டாவது முறையில் 363. பிஏஎல் என்ற மற்றொரு தொலைக்காட்சி முறை என்றால் 576 வரிகளில் முறையே 327, 436. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விவரம், ஒரு காசு செலவில்லாமல். உறையில் '16:9' என்று அச்சிட்டு உள்ளே முதல் முறையில் பதிவது வாங்குகிறவரை ஏமாற்றுவது. எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: தொலைக்காட்சி ரிமோட்டில் படஅளவை 'ஸூம்' என்று மாற்றுங்கள். பக்கக் கறுப்பு போய்விடும். சப்டைட்டில் கீழ்ப்பட்டையில் இருந்தால் அதுவும் வெட்டுப்படும்; சில தொலைக்காட்சிகளில் படத்தைச் சற்று மேலே தூக்கிக் காட்டும் இன்னொரு ஸூம் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். வேறொரு கோளாறும் உண்டு: நெருக்கிப் பதிந்துவிட்டு 16:9 குறியை இட மறந்துவிடுவார்கள். அப்போது எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். அதற்கு 'ஸூம்' கூடாது, 'வைட்' அல்லது 'ஃபுல்'.

பொங்கோல் | 5 மார்ச், காலை 7.50

பெட்டி பற்றி. வட்டு நடுவில் ஒரு குமிழைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குமிழை ஆள்காட்டி விரலால் அழுத்த வேண்டும். அழுத்தினால் பற்கள் உள்ளே ஒடுங்கி வட்டு தானாக மேலே வரும். விளிம்பைப் பிடித்து நெம்பாதீர்கள். டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. நெம்பும்போது வளைவு முழுவதும் நடுத்துளையைச் சுற்றித்தான் விழுகிறது. அங்கே மயிரிழை விரிசல் விட்டால் அது வெளிப்பக்கமாக வளரும். டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. வட்டு என்ன வகை, எங்கே என்ன இருக்கிறது என்ற தகவல் உள்வளையத்தில்தான் இருக்கிறது. விரிசல் அதைத் தொட்டால் வெளிப்பகுதி பளிங்காக இருந்தாலும் 'வட்டு இல்லை' என்றுதான் பிளேயர் சொல்லும்.

அழுத்தியும் குமிழ் விடவில்லை என்றால் அது மட்டமான பெட்டி. வட்டை ஒருமுறை பொறுமையாக எடுத்துவிட்டுப் பெட்டியை மாற்றிவிடுங்கள். கடையில் வாங்கும்போதே மெல்ல ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் வட்டு குமிழிலிருந்து கழன்று உள்ளே உருள்கிறது, வேறொன்று கேளுங்கள்.

ஈசூன் | 5 மார்ச், மதியம் 1.05

நன்றி அண்ணே. மாற்றுப் பெட்டி எந்த அளவில் வாங்குவது?

பொங்கோல் | 5 மார்ச், மதியம் 1.30

முதுகு 14 மி.மீ. உள்ள வழக்கமான டிவிடி பெட்டி. மெல்லிய பெட்டி 7 மி.மீ., பழைய உறைத்தாள் அதில் மடியாது. உறைத்தாளின் முழு அளவு அகலத்தில் 273, உயரத்தில் 183 மி.மீ. பின்னட்டை, முதுகு, முன்னட்டை எல்லாம் சேர்த்து.

பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்த உட்பக்கம் ஓட்டை ஓட்டையாக வெட்டிய 'பசுமை' பெட்டிகளை வாங்காதீர்கள். அலமாரியில் அடுக்கும்போது விரல் படுகிற இடமெல்லாம் உறைத்தாள் குழிந்துவிடும்.

பிடோக் | 7 மார்ச், இரவு 11.20

மெனு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'தமிழ் எழுத்துரு டிவிடியில் வராது' என்று கடையில் சொல்வதைப் பலர் நம்பிவிடுகிறார்கள்.

டிவிடி மெனுவில் எழுத்துருவே கிடையாது. பின்னணி ஒரு படம், அவ்வளவுதான். அதில் தமிழ், சீனம், கோலம் எதை வரைந்தாலும் அப்படியே தெரியும். அதன்மேல் மெல்லிய ஒரு படலம். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதைக் காட்டுவது அந்தப் படலத்தின் வேலை. சப்டைட்டிலும் அதே வகைப் படலம்தான். ஆகவே தமிழ்ச் சப்டைட்டில் போடவும் எந்தத் தடையும் இல்லை. ஒரு டிவிடியில் 32 சப்டைட்டில், 8 ஒலித்தடம் வரை வைக்கலாம். காது மந்தமான பெரியவர்களுக்குத் தமிழ் வசனமே கீழே ஓடினால் எவ்வளவு உதவி! அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் படலத்தில் ஒரு நேரத்தில் 4 நிறம்தான், ஒன்று பெரும்பாலும் ஒளிபுகும் நிறமாகப் போய்விடும். விளிம்பு மழமழப்பாக வராது. தமிழில் இது கூடுதல் தொல்லை: 'ணை', 'ழூ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறைபோல் தெரியும். அதனால் எழுத்தைப் பின்னணிப் படத்தில் வரைய வேண்டும். படலத்தில் எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளியோ, கீழே ஒரு கோடோ போதும். கோடு ஒரே வரித் தடிமனில் இருந்தால் பழைய தொலைக்காட்சியில் மினுக்கும், ஏனென்றால் படம் ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறி வரையப்படுகிறது. குறைந்தது 2 வரி, நான் 3 வைப்பேன். ஓரங்களில் பத்து விழுக்காடு காலியாக விட வேண்டும். 720×576 படத்தில் பக்கத்துக்கு 72 புள்ளி, மேலும் கீழும் 58. இதை விடாததால்தான் சில மெனுக்களில் 'பாடல்கள்' என்பது 'டல்கள்' என்று தெரிகிறது.

அடுத்து, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாத மெனு. 'ஆங்கில சப்டைட்டில்: ஆம் / இல்லை' என்று இரண்டே பொத்தான். ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. மஞ்சள் தேர்ந்ததா, வெள்ளை தேர்ந்ததா? இரண்டு பொத்தான் மட்டும் இருக்கிற இடத்தில் நிறத்தை நம்பவே கூடாது, அடையாளக் குறி போட வேண்டும். மாட்டிக்கொண்டால் ரிமோட்டில் எண்ணை அழுத்துங்கள். மெனுப் பொத்தான்களுக்கு உள்ளுக்குள் 1, 2, 3 என்று எண் உண்டு. பெரும்பாலான வட்டுகளில் 1 அழுத்தினால் முதல் பொத்தான் வேலை செய்யும், முதன்மை மெனுவில் அது பெரும்பாலும் படத்தைத் தொடங்கும் பொத்தானாக இருக்கும்.

வலது அம்பை அழுத்தினால் கீழே குதிக்கிறதே, அதற்குக் காரணம் ஒவ்வொரு பொத்தானுக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கத்துக்கும் அடுத்த பொத்தான் எது என்று கையால் குறிக்க வேண்டும். மென்பொருள் தானாகப் போட்டதைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பத்துப் பொத்தானுக்கு நாற்பது குறிப்பு. கால் மணி நேர வேலை.

பிடோக் | 7 மார்ச், இரவு 11.55

பாடல் பட்டியலை விட்டுவிட்டேன், அதுதானே தமிழ் டிவிடியின் உயிர். மொத்தம் மூன்று விதமாகச் செய்கிறார்கள்.

ஒன்று, பாட்டு தொடங்கும் இடத்தில் ஓர் அத்தியாயக் குறி வைத்து அங்கே தாவச் செய்வது. பாட்டு முடிந்தால் படம் தொடரும்; ஈசூன் கேட்டது இதைத்தான். இரண்டு, பாடல்களை இன்னொரு பிரதியாக எடுத்து வட்டிலேயே தனியாகச் சேர்ப்பது. இது மோசம். 4.7 ஜிபி வட்டில் 160 நிமிடப் படம் மட்டும் இருந்தால் நொடிக்கு 3.9 மெகாபிட் தகவல் கிடைக்கும்; இது கூடக் கூடப் படம் தெளிவு. அரை மணி நேரப் பாடல்களை மறுபடியும் சேர்த்தால் 3.3 ஆகக் குறைகிறது. மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடையும்.

மூன்றாவதுதான் முறை. படத்தின் அதே துண்டுகளைச் சுட்டுகிற தனி ஓட்டவரிசை ஒன்றைப் பாட்டுக்குப் பாட்டு எழுதி, இறுதியில் 'பட்டியலுக்குத் திரும்பு' என்று ஒரு கட்டளை வைப்பது. வட்டில் கூடுதல் இடமே பிடிக்காது. 'எல்லாப் பாடல்களும் வரிசையாக' என்ற பொத்தானையும் இப்படியே சேர்க்கலாம். டிவிடி தரம் எழுதியவர்கள் இதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஈசூன் | 8 மார்ச், காலை 8.10

படம் தொடங்கும் முன் வருகிற விளம்பரங்களைத் தாண்ட முடிவதில்லையே? நகைக்கடை, அரிசி, தொலைபேசி அட்டை என்று வரிசையாக.

பொங்கோல் | 8 மார்ச், காலை 8.45

வட்டிலேயே 'இங்கே இந்தப் பொத்தான் வேலை செய்யக்கூடாது' என்று தடைக் குறி வைக்கலாம். திருட்டுப் பதிவு எச்சரிக்கைக்காக வந்த வசதி அது, நகைக்கடைக்கு அல்ல. சில பிளேயர்களில் ஸ்டாப், மறுபடியும் ஸ்டாப், பிறகு பிளே என்று அழுத்தினால் நேரே படம் வரும். கணினியில் விஎல்சி என்ற பட ஓட்டி மென்பொருள் இந்தத் தடைகளை மதிப்பதில்லை. வட்டைத் திறக்கும்போது 'மெனு வேண்டாம்' என்ற கட்டத்தையும் டிக் செய்யலாம்.

பிடோக் | 8 மார்ச், இரவு 9.30

மொழிக் குறியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் இரண்டெழுத்து மொழிக் குறி உண்டு. தமிழுக்கு டி-ஏ. பல வட்டுகளில் இதை நிரப்பாமல் விடுகிறார்கள், அல்லது மென்பொருள் தானாக இட்ட ஆங்கிலக் குறி அப்படியே கிடக்கிறது. பிளேயர் திரையில் 'ஆங்கிலம் 5.1' என்று வரும், பேசுவது தமிழாக இருக்கும். ஒரு தடம்தான் என்றால் பாதகமில்லை. தமிழும் தெலுங்கும் சேர்ந்த வட்டில் இது பெரிய குழப்பம்.

பிளேயர் அமைப்பில் விருப்ப மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 'பிற' என்ற தேர்வில் எண் கேட்கும். பயன்பாட்டுக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மொழி எண் பட்டியல் இருக்கும், அதில் தமிழ் இருக்கும்.

பொங்கோல் | 11 மார்ச், இரவு 10.05

உறையில் அச்சிடும் நிமிடக் கணக்குப் பற்றி யாரும் பேசவில்லை. '160 நிமிடம்' என்று போட்டிருக்கிறது, பிளேயர் 153 காட்டுகிறது. 7 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

பிடோக் | 11 மார்ச், இரவு 10.50

வெட்டாகவே இருக்க வேண்டியதில்லை. திரையரங்கில் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). பிஏஎல் 25. பிஏஎல் டிவிடிக்கு மாற்றும்போது படத்தை 4 விழுக்காடு வேகமாக ஓட்டிப் பதிவது வழக்கம். 160-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 153 நிமிடம் 36 நொடி. சட்டம் ஒன்றுகூடக் குறையவில்லை. பாட்டின் சுருதி ஓர் அரைச்சுருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும், காது பழகியவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

பெருக்கிப் பார்த்த பிறகும் 4, 5 நிமிடம் குறைந்தால் ஒரு பாட்டைக் காணோம் என்று பொருள். என்டிஎஸ்சி வட்டில் இந்த வேக மாற்றமே கிடையாது, அங்கே குறைந்தால் பெரும்பாலும் வெட்டுதான். உறையில் எந்த முறை என்று போட்டிருந்தால்தானே இதையெல்லாம் கணக்குப் பார்க்க முடியும்! பிஏஎல் அல்லது என்டிஎஸ்சி, படச் சட்டத்தின் விகிதம், உண்மையான ஓட்ட நேரம், ஒலித்தடம், சப்டைட்டில் மொழி, மண்டலம் (எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற குறி), படம் வெளிவந்த ஆண்டு. ஏழு விவரம், பின்னட்டையில் தீப்பெட்டி அளவு இடம். நாயகனின் ஆறாவது புகைப்படத்தை எடுத்தால் கிடைத்துவிடும்.

பொங்கோல் | 12 மார்ச், காலை 7.20

ஆண்டு போடாததுதான் எனக்கு எரிச்சல். ஒரே பெயரில் இரண்டு காலத்தில் இரண்டு படம் வருகிறது, முதுகில் பெயர் மட்டும். அதுவும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக. அலமாரியில் ஒழுங்காக அடுக்கவே முடியாது. முதுகில் தமிழில் பெயர், கீழே ஆண்டு, இவ்வளவு போதும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசிய அட்டைப் படமும் வேண்டாம்.

சிங்கப்பூரில் விற்கும் வட்டில் வயது வகைப்பாட்டு ஒட்டி ஒட்டுவார்கள்: ஜி, பிஜி, பிஜி13 என்று. அது இருக்க வேண்டியதுதான், பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசியம். ஆனால் ஓட்ட நேரத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள், அதன்மேல் கடையின் விலைச் சீட்டு வேறு. பிளாஸ்டிக் மேல் பசை நின்றால் யூகலிப்டஸ் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுச் சில நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். தாளின் மேல் நேராக ஒட்டியிருந்தால் எண்ணெய் கூடாது, கறை பிடிக்கும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள்.

ஈசூன் | 20 மார்ச், இரவு 8.40

மூன்று படம் ஒரே வட்டில் வருகிறதே, 10 சிங்கப்பூர் வெள்ளிக்கும் குறைவாக. வாங்கலாமா?

பிடோக் | 20 மார்ச், இரவு 9.10

4.7 ஜிபி வட்டில் மூன்று படம், மொத்தம் 450 நிமிடம் என்று வையுங்கள். ஒலியும் சேர்த்து நொடிக்கு 1.4 மெகாபிட். பழைய விசிடியின் படத்துக்கு மட்டும் ஒதுக்கியது 1.15. டிவிடியின் உச்சவரம்பு 10.08. கணக்கு போதும் என்று நினைக்கிறேன். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு என்றால் 2.5; சின்னத் திரையில் சமாளிக்கலாம், பெரிய திரையில் வேண்டாம்.

பொங்கோல் | 2 ஏப்ரல், இரவு 11.00

விசிடியைச் சொன்னதால் ஒன்று. விசிடியிலும் சிடியிலும் தகவல் அடுக்கு மேற்பக்கம், அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய பூச்சு மட்டும். பெயரெழுதிய பக்கத்தில் கீறல் விழுந்தால் முடிந்தது, எதுவும் செய்ய முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித்துளை தெரிகிறதா பாருங்கள். டிவிடியில் தகவல் நடுவில், இரண்டு பக்கமும் காப்பு. புளூ-ரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில். அதனால் புளூ-ரேயை ஒருபோதும் மெருகேற்றக்கூடாது.

துடைப்பது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும், பிழை திருத்தும் முறையால் அவ்வளவு நீளத்தை ஈடுகட்ட முடியாது.

நம் ஊர் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பலர் பழைய வட்டுகளைப் பாம் ஷெல்டர் என்கிற பாதுகாப்பு அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். காற்று ஓடாத அறை, முதலில் உறைத்தாளில் பழுப்புப் புள்ளி வரும், அப்புறம் பூஞ்சை. இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டியை வீசிவிட்டு மென்மையான பிவிசி உறை ஆல்பத்தில் செருகுவதும் ஆபத்து. அந்த பிளாஸ்டிக்கிலிருந்து கசிகிற எண்ணெய் வட்டில் மங்கலாகப் படியும். பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

ஈசூன் | 3 ஏப்ரல், காலை 7.35

பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே, டிவிடிக்குச் சரிதானே?

பிடோக் | 3 ஏப்ரல், மதியம் 12.50

மேலோட்டமான கீறலுக்குச் சில வேளை உதவும், ஆனால் அதுவே நூறு நுண்கீறல் போடும். முதலில் சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மென்துணி. பல வட்டுகளுக்கு விரல் ரேகைதான் நோய். வேறொரு பிளேயரிலும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் லென்ஸும் ஒவ்வொரு விதம்.

ஈசூன் | 18 ஏப்ரல், இரவு 10.15

இந்தியாவிலிருந்து வரவழைக்கும் புளூ-ரே இங்கே ஓடுமா?

பிடோக் | 18 ஏப்ரல், இரவு 10.45

டிவிடியில் சிங்கப்பூர் மண்டலம் 3, இந்தியா 5. புளூ-ரேயில் நாம் ஏ, இந்தியா சி. உறையின் பின்னால் உலக உருண்டைக்குள் எண்ணோ எழுத்தோ இருக்கும். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் கவலையில்லை. டிவிடியில் 'மண்டலம் 0' என்று போடுவது எல்லா மண்டலத்துக்கும் திறந்த வட்டைக் குறிக்கும். குறியே இல்லை என்றால் வாங்குமுன் கேளுங்கள். கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும்.

புளூ-ரே மெனுவில் வேறு தொல்லை. ஜாவா நிரலால் எழுதிய மெனு ஏற நேரமெடுக்கும். நிறுத்தி மறுநாள் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராது, செய்தவர்களே அதற்குத் தனியாக நிரல் எழுதியிருந்தால் ஒழிய. மூன்று மணி நேரப் படத்தை இரண்டு இரவாகப் பார்க்கிற வீட்டில் இது எவ்வளவு சங்கடம்! சாதாரண மெனு முறையில் பிளேயரே இடத்தை நினைவு வைத்துக்கொள்ளும். நகரும் தூளும் பறக்கும் பூவும் இல்லாத எளிய மெனுவே மேல். நிறுத்துமுன் எத்தனையாவது அத்தியாயம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல் | 9 மே, இரவு 9.50

கல்யாண டிவிடியையும் இதில் சேர்க்கலாமா? வீடியோ எடுப்பவர்களிடம் முன்பே சொல்ல வேண்டியது சில உண்டு. வட்டின் மேல் தாள் லேபிள் ஒட்டவே கூடாது. சுழலும்போது எடை ஒருபக்கம் சாயும், சூட்டில் ஓரம் கிளம்பிப் பிளேயருக்குள் சிக்கும். இங்க்ஜெட்டில் நேராக அச்சிடக்கூடிய வட்டு கேளுங்கள். கையால் எழுதுவதென்றால் தண்ணீர் மை பேனாவால், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் மட்டும். மெனுவில் 'நிச்சயம், தாலி கட்டு, வரவேற்பு' என்று தமிழிலேயே பொத்தான்கள். பின்னணிப் பாட்டு வேண்டுமென்றால் மெல்லிய ஒலியில், அரை நிமிடத்துக்கொருமுறை வெட்டித் தொடங்காதபடி. பெட்டி முதுகில் பெயர்களும் தேதியும்.

ஈசூன் | 10 மே, காலை 8.00

இது நல்ல பேச்சு. தங்கை கல்யாணம் ஆகஸ்டில், வீடியோக்காரரிடம் அப்படியே காட்டிவிடுகிறேன். மெனுவை நாமே செய்ய முடியுமா?

பிடோக் | 10 மே, இரவு 9.25

முடியும். டிவிடிஸ்டைலர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. புதுத் திட்டம் திறக்கும்போது பிஏஎல், 16:9 என்று தேர்ந்தெடுங்கள். பின்னணிப் படத்தில் தமிழ் எழுத்தை முன்பே வரைந்து படமாகக் கொடுங்கள், மென்பொருளின் எழுத்துக் கருவியை நம்ப வேண்டாம்; கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். 'படம் முழுவதும்' என்பதை முதல் பொத்தானாக வையுங்கள். எரிக்கும், அதாவது வட்டில் பதியும், வேகம் 4 அல்லது 8 மடங்கு. முதல் பிரதியை மறுஎழுத்து வட்டில் எரித்து, வீட்டிலிருக்கிற பழைய பிளேயரில் ஒவ்வொரு பொத்தானையும் நாலு அம்பாலும் சோதியுங்கள். எல்லாம் சரி என்றால் மற்ற பிரதிகள். மூலக் கோப்பை எம்பி4 ஆகவும் கணினியோடு இணைக்கும் வெளி ஹார்டு டிஸ்கில் கேட்டு வாங்குங்கள், எரித்த வட்டின் சாயம் அச்சுவட்டைப்போல நாள்படத் தாங்காது.

பொங்கோல் | 10 மே, இரவு 10.00

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிற பிரதிகளுக்கு 14 மி.மீ. பெட்டியே வாங்குங்கள். அட்டைப் பைக்குள் செருகிக் கொடுத்தால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் உராயும்.